சாம்பல் தட்டுகள் திரும்பி வந்த மாதம்

காபிக் கடைக்காரர் ஜென்மத்தில் ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தவரில்லை. ஆனாலும் அந்த ஊரில் சிகரெட்டுக்காக நீதிமன்றப் படி ஏறிய முதல் ஆள் அவர்தான்.

அவர் கடை ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே பதினான்கு மேசைகள். கடைசியில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு மேடை, அதன்மேல் காபி இயந்திரம். அதற்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி. முப்பது வருடப் புகை ஏறி, அதில் யார் முகம் பார்த்தாலும் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி தெரிவார்கள். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் ஏழு மணிக்குள் கடை நிறைந்துவிடும். ரயிலைப் பிடிக்க வந்தவர்கள், ரயிலைத் தவறவிட்டவர்கள், ரயிலுக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்தவர்கள். எல்லாருக்கும் ஒரு கையில் காபி, ஒரு கையில் சிகரெட். மழைக்காலத்தில் ஜன்னல்களைச் சாத்திவிட்டால், கடைசி மேசையில் இருப்பவருக்குக் கழுத்துக்கு மேலே மேகம்தான்.

கல்லாவில் கடைக்காரரின் மனைவி. இயந்திரத்தில் அவளுடைய தம்பி. அவனுக்கு ஊர் வைத்த பெயர் சீட்டி. பாலை நுரைக்க வைக்கும்போதும் கோப்பையைத் துடைக்கும்போதும் ஓயாமல் சீட்டியடித்துக்கொண்டே இருப்பான். அக்கா கல்யாணமாகி வந்தபோது, பெற்றவர்கள் இல்லாததால் பன்னிரண்டு வயதில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவன். நாற்பத்தாறு வயதாகியும் அந்த வீட்டில் அவன் 'அவன்'தான். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவனே பிள்ளையாகிப் போனான்.

"எனக்குச் சீதனமா வந்தது இவன் ஒருத்தன்தான். திருப்பிக் குடுக்கவும் வழியில்ல" என்பார் கடைக்காரர், வந்தவர் போனவரிடமெல்லாம்.

"பழுதாகாத சாமான் அத்தான், பத்திரமா வெச்சுக்கோங்க" என்பான் சீட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பழுது ஒரு மழைக்காலத்தில் வந்தது. காபிக்கொட்டை மூட்டைகள் மாடி அறையில் இருக்கும், பதினெட்டுப் படி. மூட்டையோடு இறங்கி வந்த சீட்டி பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். ஊரில் இருந்த ஒரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். இதயப் பிரிவு டாக்டர் ஒல்லியான ஒரு அம்மாள்; மூக்கின் நுனியில் கண்ணாடி.

"சிகரெட் உண்டா?" என்று கேட்டார் சீட்டியிடம்.

"சத்தியமா இல்ல டாக்டர்" என்று முந்திக்கொண்டார் கடைக்காரர். "எங்க ரெண்டு பேருக்குமே அந்தப் பழக்கம் கிடையாது."

"எங்க வேலை பாக்கறாரு?"

சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கே, அந்தக் கடையா? ஒரு நாள் வந்திருக்கேன். கண் எரிச்சல் தாங்காம பாதிக் காபியில எந்திரிச்சுட்டேன். இவரு பிடிக்கலைன்னா என்ன? உங்க கடை இவருக்கும் சேர்த்துப் பிடிச்சுக் குடுக்குதே."

பெரிய அடைப்பு இல்லை, ஆனால் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றார். தினமும் சாப்பிட இரண்டு மாத்திரை எழுதினார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்னக் குப்பியில் வேறொன்று. புகைக்குள் நிற்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். கடைக்காரருக்கு வீடு வரும் வரை அந்தப் பேச்சு ஆறவில்லை. பாதிக் காபியில் எழுந்துவிட்டாராம். அதுதான் அவர் மனதில் தைத்திருந்தது.

நான்கு மாதம் கழித்து நகரசபைக்காரர்கள் வந்து கடைக் கண்ணாடியில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஊர் எல்லைக்குள் கூரை போட்ட எந்தப் பொது இடத்திலும், அது கடையோ, அலுவலகமோ, பாரோ, புகைபிடிக்கக் கூடாது. மீறினால் உரிமம் ரத்து.

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. உணவகக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அன்று மாலையே மதுக்கடை நடத்தும் பார்க்காரர் வந்து சேர்ந்தார். சங்கத்தின் செயலாளர், கனத்த உடம்பு, கனத்த குரல். ஒரு சிகரெட்டின் நெருப்பிலிருந்து அடுத்ததைப் பற்றவைக்கிறவர். தீப்பெட்டி வாங்கிப் பத்து வருடம் ஆகிறது என்று பெருமையாகச் சொல்லுவார்.

"நம்ம கடையில எவன் என்ன பண்ணணும்னு நகரசபை சொல்றதா? நாளைக்குச் சர்க்கரை எத்தனை கரண்டின்னும் அவங்களே வந்து போடுவாங்களா?" என்றார்.

நீதிமன்றத்துக்குப் போவது என்று முடிவாயிற்று; சங்கத்தின் வக்கீல் ஒரு யோசனை சொன்னார். "மனுவுல முதல் பேரு உங்களதா இருக்கட்டும். புகை பிடிக்கிறவன் கேஸ் போட்டா அதுல அதிசயமில்ல. பிடிக்காதவரே போட்டாருன்னா நீதிபதி நிமிர்ந்து உக்காருவாரு."

கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடைசி மேசையில் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர் மனைவியை இழந்து, மகனோடு ஒட்டாமல், அந்த நாற்காலியே கதி என்று இருப்பவர். அவர் கையிலிருந்து சிகரெட்டைப் பிடுங்குவது அவரைத் தெருவில் தள்ளுவது மாதிரி என்று கடைக்காரர் நிஜமாகவே நம்பினார்.

வழக்கு ஒரு பக்கம் நடக்க, தடை அமலுக்கு வந்துவிட்டது. சாம்பல் தட்டுகளை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி மாடியில் வைத்தார்கள். தபால்காரரும் மற்றவர்களும் நடைபாதைக்குப் போய் நின்றார்கள். தூறலில் அவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. கோப்பைகளைத் தானே ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து நனைந்துகொண்டே நகரசபையைத் திட்டிவிட்டு வருவார்.

அவர் மனைவி வேறு வேலையில் இறங்கினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு சுவர்களைத் தேய்த்துக் கழுவினாள். வாளி வாளியாகப் பழுப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. உள்ளேயிருந்து வெளிர்நீலச் சுவர் வந்தது. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்து அடித்ததே கடைக்காரர்தான். அவருக்கே மறந்து போயிருந்தது.

"யாரு வீட்டுக்குள்ள வந்துட்டோம்னு பயந்துட்டேன்" என்றார்.

"உங்க வீடுதாங்க. இத்தனை நாள் தொலைஞ்சு போயிருந்தது" என்றாள் மனைவி.

கொஞ்ச நாளில் புது முகங்கள் வரத் தொடங்கின. கைக்குழந்தையோடு ஒரு பெண், ரயிலுக்கு முன் புத்தகம் விரித்துப் படிக்கும் மாணவிகள், இருமல்காரரான பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர். கடைக்காரர் அவர்களை மரியாதையாகத்தான் நடத்தினார். ஆனால் விருந்தாளிகளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். அவருடைய ஆட்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. மழைக்காலத்து வலிக்குப் பிறகு சீட்டி மாடிப்படி ஏறும்போது இரண்டு இடத்தில் நிற்பான். யாராவது பார்த்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல ஒரு பாவனை. தடை வந்த மூன்றாவது மாதம், ஒரு காலையில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டுப் படியையும் ஒரே மூச்சில் ஏறினான். ஏறும்போது சீட்டியும் அடித்தான். கீழே நின்ற கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னடா, இருபது வயசு குறைஞ்சு போச்சா?"

"தெரியல அத்தான். காத்து உள்ள போகுது."

மனைவிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறுதோறும் தம்பியின் சின்னக் குப்பியைத் திறந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எத்தனை மிச்சம் என்று பார்ப்பாள். முன்பு வாரம் மூன்று குறையும், நான்கு குறையும்.

"ரெண்டு மாசமா பத்தொன்பதுல நிக்குதுங்க. ஒண்ணுகூடக் குறையல" என்றாள் ஒரு நாள்.

"நல்லதுதானே. தினம் சாப்பிடற மாத்திரை வேலை செய்யுது" என்றார் அவர், வக்கீல் அனுப்பிய காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு குப்பியை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆறாவது மாதம் தீர்ப்பு மாதிரி ஒன்று வந்தது. நகரசபைக்கு அந்த அதிகாரம் உண்டா என்று முடிவாகும் வரை தடையை நிறுத்திவைக்கிறோம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார்க்காரர் நீதிமன்ற வாசலிலேயே கடைக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். கடைக்குத் திரும்பும்போது பின்னால் முப்பது பேர். மாடியிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி வந்ததும், தட்டுகளைத் துடைத்து மேசைக்கு ஒன்றாக வைத்ததும் சீட்டிதான். அத்தான் ஜெயித்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசித் தட்டைத் தபால்காரருக்கு முன்னால் வைத்துவிட்டு, அரசாங்க அதிகாரி மாதிரி நெற்றியில் கை வைத்து வணக்கம் வேறு போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த அக்கா மட்டும் எழுந்து உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து கூரைக்குக் கீழே பழையபடி மேகம் தேங்கியது. மாணவிகள் வரவில்லை. கைக்குழந்தைக்காரி வாசல் வரை வந்து திரும்பிப் போனாள்.

இருபத்துமூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். இரண்டு ரயில்கள் சேர்ந்தாற்போல் வந்து கடையில் நிற்க இடமில்லை. கடைக்காரர் தபால்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று அவருக்கு என்னவோ போல் இருந்தது. என்ன குறைகிறது என்று யோசித்தபோதுதான், சீட்டிச் சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். இயந்திரத்துக்குக் கீழே ஒரு கோப்பை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சீட்டி ஒரு கையால் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப் பையில் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தான். முகம் வேர்த்துக் கொட்டியது.

"அத்தான், காபி வழியுது, நிறுத்துங்க" என்றான்.

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அக்கா ஓடி வந்து நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தாள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம்தான். டாக்டரம்மாள் முக்கால் மணி நேரம் போராடினார். வெளியே வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

ஒன்பது நாள் கடை மூடியிருந்தது. வந்தவர்களெல்லாம் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரன், விதி, யார் என்ன செய்ய முடியும். கடைக்காரரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மனைவி அவரிடம் பேசவில்லை. சண்டை போடவில்லை, குற்றம் சொல்லவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஒன்பதாம் நாள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மத்தியான நேரம்; டாக்டர் தனியாக இருந்தார். கடைக்காரர் உட்காரக்கூட இல்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் டாக்டர். நான்தான் அவனைக் கொன்னேனா?"

டாக்டர் எழுந்து வந்து அவரை உட்காரவைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "ஆறுதலுக்காகச் சொல்லல. நிஜமாவே தெரியாது. குழாய் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. என்னைக்கு வேணும்னாலும் வந்திருக்கலாம். வராமலேயும் போயிருக்கலாம்."

"அப்ப புகைக்கும் அதுக்கும்..."

"சம்பந்தம் இருக்கு. அந்தப் புகையில அரை மணி நேரம் நின்னாலே ரத்தம் சீக்கிரம் உறைய ஆரம்பிக்கும், குழாய் இறுகும். அடுத்தவங்க விட்ட புகைன்னு ரத்தத்துக்குத் தெரியாது. இவருக்கு அன்னைக்கு அதுதான் காரணமான்னு கேட்டா, ஒருத்தரை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. ஊரை வெச்சுச் சொல்லலாம்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டம்போட்ட தாளை எடுத்தார். இரண்டு வரிசைகள், ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு ஒரு புள்ளி. ஊருக்குள்ளிருந்து மாரடைப்போடு வந்தவர்களுக்கு நீல மை, அதில் இறந்தவர்களுக்குச் சிவப்பு. நாலைந்து வருடமாகப் புள்ளிகள் கொஞ்சம் மேலே கொஞ்சம் கீழே என்று ஒரே மட்டத்தில் ஓடின. பிறகு ஓரிடத்தில் படிக்கட்டு இறங்குவது போல இறங்கின. ஆறு புள்ளிகள் கீழேயே இருந்தன. ஏழாவது மறுபடி மேலே ஏறியிருந்தது.

"இந்த ஆறு மாசத்துல வழக்கமா நாப்பது பேரு வருவாங்க. இருபத்தஞ்சு பேருதான் வந்தாங்க. செத்தவங்க வழக்கமா பன்னெண்டு, பதிமூணு. இப்ப ஏழு. தடை இல்லாத சுத்துப்பட்டு ஊர்கள்லேர்ந்து வர்றவங்க எண்ணிக்கை மாறவே இல்ல."

கடைக்காரர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன ஊரு, கொஞ்ச நாள். தற்செயலாவும் இருக்கலாம், நான் மறுக்கல. இன்னும் நிறைய ஊர்ல, நிறைய வருஷம் பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்" என்றார் டாக்டர். பிறகு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எனக்கு ஒரு வேடிக்கையான கஷ்டம்" என்றார். "வந்து செத்தவங்க பேரு, விலாசம், வயசு எல்லாம் எங்கிட்ட இருக்கு. வராமப் போன அந்தப் பதினஞ்சு பேரு யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கே தெரியாது. உங்க கடையில உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தாலும் இருப்பாங்க."

கடைசிப் புள்ளியின் மேல் கடைக்காரர் விரலை வைத்தார். சிவப்பு.

"இது இந்த மாசமா?"

"ஆமா."

"இதுல அவனும் உண்டா?"

"உண்டு."

அவர் அழுதார். எட்டு நாளாக வராத அழுகை. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் கடையைத் திறந்தார். இயந்திரத்தில் தானே நின்றார். ஏழு மணிக்குள் வழக்கமான கூட்டம். தபால்காரர் ஒன்றைப் பற்றவைத்தார். பக்கத்து மேசையில் பார்க்காரர், சுவரோரம் கணக்குப்பிள்ளை, ஜன்னலடியில் இரண்டு ரயில்வே ஊழியர்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார் கடைக்காரர். இவரா? அவரா? யார் அந்த ஆறு மாதத்தில் போகாமல் தப்பியவர்? இப்போது யாருடைய முறை? கை தவறி ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.

இயந்திரத்தை நிறுத்தினார். ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சாம்பல் தட்டுகளை எடுத்தார். புகைத்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் தட்டை நீட்டிக் காத்திருந்து, அவர்கள் அணைத்த பிறகு எடுத்தார்.

"என்ன அண்ணே, கழுவப் போறீங்களா?" என்றார் தபால்காரர்.

"இல்லப்பா. இனிமே இங்க வேணாம். கோவிச்சுக்காதே. உனக்கு இந்த நாற்காலி என்னைக்கும் உண்டு. இது மட்டும் வேணாம்."

பார்க்காரர் எழுந்தார். "கோர்ட்டே பிடிக்கலாம்னு சொல்லியாச்சு. கேஸ் போட்டவரே வேணாம்னா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். மனுவுல இருந்து என் பேரை எடுத்துடச் சொல்லப் போறேன்."

"துக்கத்துல பேசறீங்க. ஒரு மாசம் போகட்டும், பேசிக்கலாம்."

"துக்கத்துலதான் பேசறேன்" என்றார் கடைக்காரர். "துக்கம் இல்லாதப்ப என்ன பேசினேன்னுதான் உனக்குத் தெரியுமே."

அன்று பாதிப் பேர் எழுந்து போனார்கள். சங்கம் அடுத்த வாரமே கூடி அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. மனுவில் முதல் பெயர் பார்க்காரருடையதாயிற்று. முப்பது வருடப் பழக்கத்தில் தெருவில் எதிர்ப்பட்டால் கைகாட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தபால்காரர் மட்டும் மூன்று நாள் வராமல் இருந்து, நான்காம் நாள் வந்து, நடைபாதையில் ஒன்றை முடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து, சட்டத்தைத் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்று நகரசபை பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. மண்டபம் நிறைந்திருந்தது. டாக்டர் தன் தாளைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து மாட்டி, நிதானமாக விளக்கினார். பின்வரிசையில் சலசலப்பு, புள்ளிகளையெல்லாம் யார் கவனித்தார்கள்? பிறகு கடைக்காரர் எழுந்தார். மேடைப் பேச்சு அவருக்குப் புதிதில்லை. ஆனால் அன்று மேடை ஏறவில்லை, நின்ற இடத்திலேயே பேசினார்.

"இந்தத் தடையை நிறுத்தினவன் நான்தான்" என்று ஆரம்பித்தார். "என் மச்சான் இருபத்தஞ்சு வருஷமா என் கடையில நின்னான். எல்லாருக்கும் அவனைத் தெரியும்."

பார்க்காரர் இடத்திலிருந்தே கேட்டார்: "தெரியும். அவன் போனதுல எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா அதுக்குப் புகைதான் காரணம்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"முடியாது" என்றார் கடைக்காரர்.

அந்தப் பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"டாக்டராலயே முடியல, என்னால எப்படி முடியும்? ஆனா ஒண்ணு தெரியும். அந்த ஆறு மாசம் அவன் மூட்டையத் தூக்கிட்டு மாடிப்படி நிக்காம ஏறினான். காத்து உள்ள போகுதுன்னு எங்கிட்ட சொன்னான். என் வீட்டுக்காரி மாத்திரை குறையவே இல்லன்னு சொன்னா. எல்லாம் என் கண்ணு முன்னால நடந்தது. நான் கேஸ் கட்டைப் பாத்துட்டு இருந்தேன்." பார்க்காரர் பக்கம் திரும்பினார். "நீ கேட்டது நியாயமான கேள்வி. நானும் ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ளியெல்லாம் நிஜமா இருந்து, நாம அதை நம்பாமப் போனா, அடுத்த மாசம் யாருக்காகக் கூடி வருத்தப்படப் போறோம்? உனக்கு நெஞ்சு கொஞ்ச நாளா எப்படி இருக்கு?"

பார்க்காரர் உட்கார்ந்துவிட்டார்.

சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டாம் என்று நகரசபை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவு செய்தது. நீதிமன்றம் இன்னும் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. பிறகு, நகரசபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது. தடை மறுபடி அமலுக்கு வந்தது.

மண்டபத்தில் பேசிவிட்டு வீட்டுக்கு நடந்துபோன அந்த மாலையில் மனைவி கூடவே வந்தாள். தபால் நிலையம் தாண்டியதும் அவள் நின்றாள்.

"அந்தத் தட்டுகளை அவன் துடைச்சுத் துடைச்சு வெச்சானே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்க ஜெயிச்சுட்டு வந்திருக்கீங்க, எல்லாரும் சிரிக்கறாங்க, எதுக்குக் கெடுக்கணும்னு உள்ள போயிட்டேன். உங்களுக்காவது தெரியாது. எனக்கு மனசுல பட்டது. பட்டும் சொல்லல."

"உன்மேல என்ன தப்பு?"

"அதைத்தான் நானும் உங்களைப் பாத்துக் கேக்கணும்னு நினைச்சேன். வாய் வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வளத்தவங்க ரெண்டு பேருந்தாங்க. பங்கு போட்டுக்கலாம்."

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்துநான்கு வருடத்தில் தெருவில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

இயந்திரத்தை அவள் எடுத்துக்கொண்டாள். அவர் கல்லாவுக்கு வந்தார். முதல் மாதம் பால் பொங்கி வழிந்தது, நுரை நிற்கவில்லை, வாடிக்கையாளர்கள் மரியாதைக்காகக் குடித்தார்கள். போகப் போகக் கை பழகியது. மாணவிகள் திரும்பி வந்தார்கள். தபால்காரர் நடைபாதைக்குப் போய்வர அலுத்துக்கொண்டு ஒரு நாளுக்கு நான்காகக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். பார்க்காரர் ஒரு வருடம் கழித்து ஒரு நாள் வந்தார். பழைய பேச்சை எடுக்காமல், காபியில் சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிவிட்டு, மறுநாளும் வந்தார். டாக்டர் தாளில் புள்ளிகள் மறுபடி கீழே இறங்கியிருந்தன. இந்தத் தடவை கீழேயே இருக்கின்றன என்று, காபி குடிக்க வந்த டாக்டரே சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், மூட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்த கடைக்காரர் மேடையருகே நின்று மூச்சு வாங்கினார். ஒன்றுமில்லை, வயதாகிறது என்றார். மனைவி பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"மூட்டையை அங்கயே வெச்சிட்டுச் சட்டையை மாத்துங்க."

"எதுக்கு?"

"டாக்டரம்மாகிட்ட போகலாம். அவன் நின்ன அதே கடையிலதானே நீங்களும் முப்பது வருஷம் நின்னீங்க? நானும்தான் நின்னேன். நம்மளை யாரு பாத்தா?"

இப்படி ஒன்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாற்றப் போனார். தபால்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவருக்குக் காபி போடத் தெரியாது. வந்தவர்களிடம் இன்றைக்கு உட்கார மட்டும்தான் முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். இருவரும் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.